சிறையில் 87 நாளா, சில மணி நேரமா: ஜேம்ஸ் ஃப்ரே புத்தகத்தை இன்னும் ஒருவருக்குப் படிக்கக் கொடுக்கலாமா?

நெல்லை_வாசகி:
தோழி ஒருத்தியின் தம்பி மறுவாழ்வு மையத்திலிருந்து இப்போதுதான் வீடு திரும்பியிருக்கிறான். அவனுக்குக் கொடுப்பதற்காக அவள் பழைய புத்தகக் கடையில் ஜேம்ஸ் ஃப்ரேயின் 'எ மில்லியன் லிட்டில் பீசஸ்' வாங்கி வைத்திருக்கிறாள். வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டாள். இங்கே எழுதி வைத்தால் அவளுக்கும் அனுப்பலாம்.

தெரியாதவர்களுக்கு: 2003ல் அமெரிக்காவில் வந்த புத்தகம். குடியும் கிராக் கொக்கெயினும் உடம்பைத் தின்றுவிட்ட நிலையில், 23 வயதில் மினசோட்டாவில் ஒரு சிகிச்சை மையத்தில் சேர்ந்து மீண்ட கதை. எல்லாம் தன் சொந்த வாழ்க்கை என்றுதான் ஃப்ரே சொன்னார். 2005 செப்டம்பரில் அமெரிக்க டிவி பிரபலம் ஓப்ரா வின்ஃப்ரி தன் நிகழ்ச்சியின் புத்தக வட்டத்துக்கு எடுத்துக்கொண்டார். விற்பனை 35 லட்சத்தைத் தாண்டியது. 2006 ஜனவரி 8 அன்று 'தி ஸ்மோக்கிங் கன்' என்ற இணையதளம் போலீஸ் பதிவுகளைத் தேடி எடுத்து வெளியிட்டது. புத்தகத்தின்படி அவர் ஒஹாயோவில் போலீஸ்காரர் மேல் காரை ஏற்றி, கைகலந்து, பெரிய வழக்குகளில் மாட்டி, பிறகு சிறையில் கிடந்தவர். அடுத்த புத்தகத்தில் அந்தச் சிறைவாசம் 87 நாள் என்று வருகிறது. பதிவுகளின்படி 1992 அக்டோபரில் கிரான்வில் என்ற சிற்றூரில் குடித்துவிட்டு வண்டி ஓட்டிப் பிடிபட்டார். 733 டாலர் கட்டிவிட்டு சில மணி நேரத்தில் வெளியே வந்துவிட்டார்.

வடபழனி_செல்வம்:
அம்மா, நான் குடியை விட்டவன். இந்தப் புத்தகம் எனக்கு வந்தது விட்ட புதிதில். அவர் எத்தனை நாள் ஜெயிலில் இருந்தார் என்று நான் எண்ணவில்லை. நடுராத்திரியில் எழுந்து உட்கார்ந்துகொண்டு, உடம்பு முழுக்க ஒரே ஒரு விஷயத்தைக் கேட்கும்போது மனுஷன் தனக்குத்தானே என்ன பேசிக்கொள்கிறான் என்பதை அவர் எழுதியிருக்கிறார் பாருங்கள். மேற்கோள் குறி கிடையாது, பத்தி பிரிப்பு சரியாகக் கிடையாது, ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப வரும். படிப்பவருக்கு மூச்சு முட்டும். அந்த நிலை அப்படித்தான் இருக்கும். அதற்கு எந்த ஸ்டேஷனில் எஃப்ஐஆர் கேட்பீர்கள்?

சர்ச்சை வந்தபோது லாரி கிங் என்பவரின் டிவி பேட்டி நிகழ்ச்சியில் ஃப்ரே சொன்னது, பிரச்சினைக்குரிய பகுதி மொத்தப் புத்தகத்தில் 5 சதவீதத்துக்கும் குறைவு என்று. அதற்காக மீதி 95ஐயும் குப்பையில் போடச் சொல்கிறீர்களா?

நெல்லை_வாசகி:
சதவீதக் கணக்கு இங்கே வேலைக்கு ஆகாது சார். வீட்டில் தூண் எத்தனை சதவீதம் இடத்தை அடைக்கிறது? இரண்டாவது புத்தகமே அந்தச் சிறையில்தான் தொடங்குகிறது. அவர் வெளியே வரும் நேரத்தில்தான், சிகிச்சை மையத்தில் அவர் காதலித்த லில்லியின் சாவும் வருகிறது. சிறை இல்லையென்றால் அந்தத் துக்கம் எங்கே நிற்கும்? லில்லி இறந்த விதத்தையும் மாற்றி எழுதியதாக ஓப்ரா முன்னாலேயே ஒப்புக்கொண்டார்.

இதைவிட எனக்கு ஆறாதது ரயில் விபத்து. 1986ல் மிச்சிகனில் ரயிலும் காரும் மோதியதில் பள்ளி மாணவிகள் இரண்டு பேர் இறந்தார்கள். அது நிஜமான விபத்து. ஃப்ரே அதை எடுத்துத் தன் கதைக்குள் வைத்து, இறந்த பெண்ணுக்குத் தான் ஒருவன்தான் நண்பன் என்றும், ஊரே தன்மேல் பழி போட்டது என்றும் எழுதினார். அவருக்கும் அந்த விபத்துக்கும் சம்பந்தமில்லை என்று சொன்னது பெண்ணைப் பறிகொடுத்தவர்கள். இன்னொருவர் வீட்டுச் சாவை எடுத்துத் தனக்கு ஒரு தழும்பு வரைந்துகொள்வதை நினைவுப் பிசகு என்று சொல்ல முடியுமா?

பல்லும்_சொல்லும்:
பல் டாக்டராக ஒரு விஷயம் மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். புத்தகத்தில் எல்லோரும் பேசிய காட்சி, மரக்கும் ஊசி போடாமல் முன்பற்களுக்கு ரூட் கனால் செய்வது. இரண்டு கையிலும் டென்னிஸ் பந்தை வைத்து நசுக்கிக்கொண்டு தாங்குவார். போதைச் சிகிச்சையில் இருப்பவருக்கு எந்த மருந்தும் தரக்கூடாதாம், அதுதான் காரணம்.

நாங்கள் போடுவது லிக்னோகேயின். ஈறில் போட்டால் அந்த இடத்து நரம்பைக் கொஞ்ச நேரம் மரக்க வைக்கும். போதை ஏறாது, பழக்கமும் ஆகாது. குடிநோயாளிக்கு ஈரல் கெட்டிருந்தால் அளவைக் கவனிப்போம், அவ்வளவுதான். உயிருள்ள பல்லின் உள்ளே, நரம்பு இருக்கிற கூழில், மயிரிழை மாதிரி ஒரு ஃபைலை இறக்கித் தேய்ப்பதுதான் இந்த வேலை. ஊசி போட்டும் மருந்து சரியாகப் பிடிக்கவில்லையென்றால் நாற்காலியில் இருப்பவர் தன்னையறியாமல் என் மணிக்கட்டைப் பிடித்துவிடுவார். நான் அங்கேயே நிறுத்திவிடுவேன். ஊசியே இல்லாமல் ஒரே உட்காரலில் முடிப்பது என்பது... சரி, விடுங்கள். குடியை விட்டவர்கள் சிலர் "ஊசி போட்டா மறுபடி ஆரம்பிச்சிடுமோ டாக்டர்" என்று பயந்துகொண்டு கேட்பது உண்டு. அந்தப் பயத்துக்கு இந்த மாதிரி எழுத்து தீனி போடும். இதைப் படிக்கிறவர்கள் தைரியமாக ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

கணக்கு_வாத்தியார்:
ஏமாந்த வாசகர்களுக்குப் பணம் திருப்பித் தருவதாகப் பதிப்பகமான ரேண்டம் ஹவுஸ் ஒத்துக்கொண்ட கதை யாருக்காவது நினைவிருக்கிறதா? கெட்டி அட்டைப் பிரதி என்றால் 163ஆம் பக்கத்தைக் கிழித்து அனுப்ப வேண்டும். மெல்லிய அட்டை என்றால் முன்னட்டை. கூடவே, உண்மை தெரிந்திருந்தால் வாங்கியிருக்க மாட்டேன் என்று உறுதிமொழி. ஒதுக்கியது 23.5 லட்சம் டாலர். வாசகர்களுக்குப் போனது 27,348 டாலர். வக்கீல்களுக்குப் போனது இதைப்போலப் பல மடங்கு. பணம் கேட்டு வந்தவர்கள் 1,729 பேர்.

1,729! ராமானுஜன் எண். வாடகைக் கார் எண் சுவாரசியமில்லாதது என்று கணித அறிஞர் ஹார்டி சொன்னபோது ராமானுஜன் மறுத்தாரே, அதே எண். (சம்பந்தமில்லைதான். சொல்லாமல் இருக்க முடியவில்லை.)

வடபழனி_செல்வம்:
வாத்தியாரே, எனக்குச் சாதகமாகத்தான் கணக்குச் சொல்கிறீர்கள். 35 லட்சம் பிரதி விற்றும், ஏமாந்தேன் என்று வந்தவர்கள் இரண்டாயிரம் பேர்கூட இல்லை.

கணக்கு_வாத்தியார்:
15 டாலருக்காக யார் அட்டையைக் கிழித்து, உறுதிமொழி எழுதி, தபால்தலை ஒட்டுவார்கள்? இந்தக் கணக்கை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது, உங்களுக்கும் சரி, அவர்களுக்கும் சரி.

வடபழனி_செல்வம்:
சரி. ஆனால் பழி மொத்தமும் ஃப்ரே தலையில் மட்டும் ஏன்? இதை முதலில் நாவல் என்றுதான் பதிப்பகங்களுக்குக் காட்டினார்கள், யாரும் வாங்கவில்லை. அதே கையெழுத்துப் பிரதி உண்மைக் கதை என்று ஆனதும் விலை போனது. 2003லேயே மினியாபொலிஸ் 'ஸ்டார் டிரிப்யூன்' பத்திரிகை சந்தேகம் எழுப்பியது. பதிப்பகம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஓப்ரா? 2006 ஜனவரி 11ஆம் தேதி லாரி கிங்குக்குத் தானே போன் போட்டு ஃப்ரேயைத் தாங்கிப் பேசினார். 26ஆம் தேதி தன் மேடையில் உட்கார வைத்து உரித்தெடுத்தார். பிறகு 2011ல் மறுபடி கூப்பிட்டு, அன்று கடுமையாக நடந்துகொண்டதற்கு மன்னிப்பும் கேட்டார். எல்லோரும் லாபம் பார்த்த வியாபாரத்தில் அடி வாங்கியது குடிகாரன் மட்டும். எங்களுக்கு இது பழகிப்போன விஷயம்தான்.

இன்னொன்று. பத்து வருஷம் குடித்தவன் மூளையில் நினைவு என்று என்ன மிஞ்சும்? நான் செய்ததாக வீட்டில் சொல்கிற பாதி விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது. ஃப்ரே மட்டும் எப்படி எல்லாவற்றையும் சரியாகச் சொல்வார்?

நெல்லை_வாசகி:
நினைவு போனவருக்கும் வழி இருக்கிறது. 'நியூயார்க் டைம்ஸ்' பத்திரிகையாளர் டேவிட் கார் 2008ல் எழுதிய 'தி நைட் ஆஃப் தி கன்' பாருங்கள். அவரும் மினியாபொலிஸில் கொக்கெயினில் மூழ்கி எழுந்தவர். தன் நினைவை நம்பாமல், செய்தி சேகரிக்கிற மாதிரி டேப் ரிக்கார்டரும் கையுமாகப் பழைய நண்பர்களையும் வக்கீல்களையும் தேடிப் போனார். ஒரு ராத்திரி நண்பன் தன்மேல் துப்பாக்கி நீட்டினான் என்று பல வருஷம் நினைத்திருந்தார். போய்க் கேட்டால் நண்பன் சொல்கிறான், துப்பாக்கி உன் கையில்தான் இருந்தது என்று. அதையே புத்தகத்துக்குத் தலைப்பாக வைத்தார்.

மறதி என்றால் நாலு பக்கமும் சிதற வேண்டும் சார். சில இடத்தில் தன்னைக் கோழையாகக் காட்ட வேண்டும், சில இடத்தில் சின்ன ஆளாகக் காட்ட வேண்டும். ஃப்ரே மாற்றியது எல்லாம் ஒரே பக்கம் சாய்கிறது: கைது, சிறை, ரயில். எல்லாவற்றிலும் அவர் இன்னும் முரடர், இன்னும் அடிபட்டவர், இன்னும் தாங்குபவர்.

வடபழனி_செல்வம்:
டேவிட் காரின் நினைவும் அவர் பக்கம்தானே சாய்ந்தது? துப்பாக்கியை நண்பன் கையில் கொடுத்துவிட்டதே. எல்லோர் நினைவும் அப்படித்தான். அவரிடம் பத்திரிகைக்காரர் பழக்கமும் டேப் ரிக்கார்டரும் இருந்தன. எல்லோருக்கும் அது வாய்க்காது.

நெல்லை_வாசகி:
ஃப்ரேக்கு டேப் ரிக்கார்டர்கூட வேண்டாம். தான் 87 நாள் சிறையில் இருந்ததில்லை என்பது அவருக்கே தெரியும்.

மறுவாழ்வு_ராணி:
மதுரையில் ஒரு மையத்தில் ஆலோசகராக இருக்கிறேன். சிறை, போலீஸ் எல்லாம் அமெரிக்காக்காரர்கள் தீர்த்துக்கொள்ளட்டும். எனக்குப் பயம் கடைசிக் காட்சியில்தான். கடவுள் நம்பிக்கையைச் சார்ந்த 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' அமைப்பின் பன்னிரண்டு படி வழிமுறையும் வேண்டாம், குடியை விட்டவர்கள் கூடிப் பேசும் அதன் கூட்டத்துக்கும் போக மாட்டேன், என் மன உறுதி போதும் என்று சொல்லிவிட்டு வெளியே வருகிறார். வந்ததும் அண்ணனோடு ஒரு பாருக்குப் போய், பெரிய கிளாஸில் விஸ்கி ஊற்றச் சொல்லி, மூக்குக்குக் கிட்டே வைத்து மோந்து பார்த்துவிட்டு, கொட்டச் சொல்கிறார். படிக்கிறவர்களுக்குப் புல்லரிக்கும்.

எங்களிடம் வீட்டுக்குக் கிளம்புகிறவரிடம் நாங்கள் சொல்வது, டாஸ்மாக் இருக்கிற தெரு வழியாகக்கூடப் போகாதீர்கள், சுற்றிக்கொண்டு போங்கள். சம்பளப் பணத்தை வீட்டில் கொடுத்துவிடுங்கள். "ஒரு தடவை சோதிச்சுப் பார்த்தேன் மேடம்" என்று சொல்லிக்கொண்டு திரும்பி வந்து சேர்கிறவர்களை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாள்பட்டுக் குடித்தவர் வைராக்கியத்தில் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், புத்தி பேதலிக்கலாம், உயிரும் போகலாம். முதல் சில நாட்கள் மருத்துவரின் கண்காணிப்பு கட்டாயம் வேண்டும்.

அந்த பார் காட்சி அட்சரம் பிசகாமல் நடந்திருந்தாலும் அந்தத் தம்பிக்கு நான் கொடுக்க மாட்டேன். நடந்தது என்ற முத்திரையும் சேர்ந்துகொண்டால், "அவன் செஞ்சிருக்கான், நான் ஏன் செய்யக்கூடாது" என்று ஆகிவிடும்.

வடபழனி_செல்வம்:
மேடம், நானும் கூட்டத்துக்குப் போகாமல் விட்டவன்தான். சாமி பேச்சு எனக்கு ஒத்துவரவில்லை. அங்கே உட்கார முடியாதவனுக்கு வேறு கதவே இல்லை என்று சொன்னால் அவன் எங்கே போவான்? அந்த பார் காட்சியை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். பாருக்குப் போகவில்லை. எனக்குப் பதிலாக ஃப்ரே போய்விட்டு வந்தார், அவ்வளவுதான்.

மறுவாழ்வு_ராணி:
நீங்கள் போகவில்லை, சந்தோஷம். கூட்டம் ஒன்றுதான் வழி என்று நானும் சொல்லவில்லை. மருந்து இருக்கிறது, தனி ஆலோசனை இருக்கிறது, குடும்பம் இருக்கிறது. யாருமே வேண்டாம் என்பதைத்தான் எதிர்க்கிறேன். வாசகி, பழைய கடைப் பிரதி என்றீர்களே. சர்ச்சைக்குப் பிறகு வந்த பதிப்புகளில் எதையெல்லாம் மாற்றினேன் என்று ஃப்ரேயே எழுதிய முன்குறிப்பு இருக்கும். அது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும் இப்போது வேண்டாம், ஆறு மாதம் போகட்டும்.

வடபழனி_செல்வம்:
ஆறு மாதம் கழித்து அவனுக்கு இந்தப் புத்தகம் எதற்கு மேடம்? ராத்திரி தூக்கம் வராமல் உட்கார்ந்திருப்பது இப்போதுதானே.

நெல்லை_வாசகி:
தோழியிடம் கேட்டேன். முன்குறிப்பு இல்லை, 2005 பிரதி. அட்டையில் ஓப்ரா முத்திரைகூட அப்படியே இருக்கிறதாம்.