பதற்றக் கோளாறும் எண்ணச் சுழற்சி நோயும்: வேர் ஒன்றா, வேறா?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். என் தங்கைக்குப் பதற்றக் கோளாறு இருப்பதாக முன்பு கூறிய மனநல மருத்துவர், இப்போது எண்ணச் சுழற்சி நோயும், அதாவது ஓசிடியும், சேர்ந்திருப்பதாகச் சொல்கிறார். அப்பாவின் உடல்நிலையை எண்ணி ஓயாமல் கவலைப்பட்டவள், இப்போது கேஸ் அடுப்பை அணைத்தோமா என்று இரவில் பத்து முறை எழுந்து பார்க்கிறாள். இவை இரண்டு நோய்களா, ஒன்றின் இரு முகங்களா?

மறுமொழி 1:
வகைப்பாட்டில் இரண்டுதான். மனநோய்களை வகைப்படுத்தும் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடான டிஎஸ்எம்-5, 2013இல் வெளிவந்தபோது, ஓசிடியைப் பதற்றக் கோளாறுகளிலிருந்து பிரித்துத் தனி அத்தியாயத்தில் வைத்தது. ஆனால் சிந்தனைப் போக்கைப் பார்த்தால், நிச்சயமின்மையைப் பொறுக்க முடியாத தன்மை இரண்டிலும் காணப்படுகிறது. "அணைத்திருப்பேன்" என்ற அளவோடு மற்றவர்கள் உறங்கிவிடுவார்கள். உங்கள் தங்கைக்கோ அப்பா விஷயத்திலும் அடுப்பு விஷயத்திலும் நூற்றுக்கு நூறு உறுதி வேண்டியிருக்கிறது. ஓசிடியில் இதனுடன், தீங்கு நேர்ந்தால் முழுப் பொறுப்பும் தன்னுடையதே என்ற மிகையான உணர்வும் சேர்வதை 1985இல் உளவியலாளர் சால்கோவ்ஸ்கிஸ் விளக்கினார்.

மறுமொழி 2:
ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். ஓசிடி உள்ளவர்களுக்கு வரும் விபரீத எண்ணங்கள் அவர்களுக்கு மட்டுமே உரியவை அல்ல. உளவியலாளர்களான ராக்மனும், இலங்கையில் பிறந்த பத்மால் டி சில்வாவும் 1978இல் வெளியிட்ட ஆய்வில், நோயற்றவர்களில் பெரும்பாலோருக்கும் அத்தகைய எண்ணங்கள் வருவது தெரிந்தது. அவர்கள் அதைத் தட்டிவிட்டுப் போகிறார்கள். நோயுற்றவரோ, தீயதை நினைத்ததே அதைச் செய்ததற்குச் சமம் என்று அஞ்சி, அந்த எண்ணத்தை அடக்க முயன்று மேலும் வளர்த்துவிடுகிறார்.

மறுமொழி 3:
நானும் இதே அடுப்போடு போராடியவன் என்பதால் எழுதுகிறேன். நெதர்லாந்தில் உளவியலாளர்கள் வான் டென் ஹவுட்டும் கிண்ட்டும் 2003இல் வெளியிட்ட சோதனையில், கணினித் திரையில் காட்டிய கேஸ் அடுப்பையே நோயற்றவர்களைத் திரும்பத் திரும்பச் சரிபார்க்கச் செய்தார்கள். நினைவின் துல்லியம் குறையவில்லை. நினைவின் மீதிருந்த நம்பிக்கைதான் குறைந்தது. பார்க்கப் பார்க்கச் சந்தேகம் பெருகும் என்பது இதுதான். "அணைத்தாயிற்று, போய்ப் படு" என்று வீட்டார் ஒவ்வொரு முறையும் உறுதி கூறுவதும் சரிபார்த்தலின் இன்னொரு வடிவமே. ஆயினும் அதைத் திடீரென நிறுத்திவிடாதீர்கள். பதற்றத்தைத் தூண்டுவதை எதிர்கொண்டு, சரிபார்த்தல் போன்ற திரும்பத் திரும்பச் செய்யும் சடங்கைத் தவிர்க்கப் பயிற்றுவிக்கும் சிகிச்சையை அளிப்பவரோடு பேசி, தங்கையின் சம்மதத்துடன் படிப்படியாகக் குறையுங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. உறுதி சொல்வதை அன்பு என்றே அம்மா எண்ணியிருந்தார். அடுத்த சந்திப்புக்கு அவரையும் அழைத்துச் செல்கிறேன்.