கணக்குப் பேராசிரியர்களைக் கிட்டத்தில் பார்த்தவர்கள்

நான் கணிதத்தில் பி.எச்டி. பண்ணியவன். கைடு பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் அவருக்குப் பிடிக்காது.

சேப்பாக்கத்தில் அவர் அறைக்குள் முதல் தடவை போனபோது கம்ப்யூட்டர் ஒரு மூலையில் துணி போர்த்திக் கிடந்தது. மேசையில் ஒரு கட்டுத் தாள். பழைய கேள்வித்தாள், துறைச் சுற்றறிக்கை, கல்யாணப் பத்திரிகை என்று ஒரு பக்கம் அச்சடித்து மறுபக்கம் காலியாக இருந்த எல்லாவற்றையும் நூல் போட்டுக் கட்டி வைத்திருந்தார். அதுதான் அவருடைய ரஃப் நோட்டு. எம்.எஸ்ஸி.யில் எத்தனை மார்க் என்று கேட்பார் என்று நினைத்துப் போயிருந்தேன். "எது புரியலை?" என்றார். எல்லாம் புரியும் சார் என்றேன். "அப்ப அடுத்த வாரம் வா" என்று அனுப்பிவிட்டார். அடுத்த வாரம் புரியாதவை மூன்றை எழுதிக்கொண்டு போனேன். அப்புறம்தான் உட்காரச் சொன்னார்.

ஒன்றரை வருஷம் கழித்து ஒரு லெம்மாவை, அதாவது பெரிய தேற்றத்துக்குப் படியாக வரும் துணைத் தேற்றத்தை, நிரூபித்தேன். அவரும் பார்த்துத் தலையாட்டினார். அதை நம்பி ஒரு அத்தியாயம் முழுக்க எழுதியாகிவிட்டது. ஒருநாள் போர்டில் அதையே விளக்கிக்கொண்டிருக்கும்போது சாக்பீஸை என் கையிலிருந்து வாங்கி, ஒரு வரிக்குக் கீழே கோடு போட்டார். "இந்த டெல்டா எதைப் பொறுத்தது?" எப்சிலானைப் பொறுத்தது என்றேன். (விடை எவ்வளவு விலகலாம் என்பது எப்சிலான். அதற்குள் நிற்க எக்ஸ் எவ்வளவு நகரலாம் என்பது டெல்டா.) "எக்ஸைப் பொறுத்து மாறாதா?" மாறும். எக்ஸ் நகர நகர டெல்டா சுருங்கிக்கொண்டே போகலாம். நான் எல்லா எக்ஸுக்கும் ஒரே டெல்டா போதும் என்று எடுத்துக்கொண்டிருந்தேன். பி.எஸ்ஸி. பையனைத் திட்டுகிற தவறு. அத்தியாயமே போயிற்று.

திட்டுவார் என்று நின்றேன். "நானும்தானே விட்டேன்" என்று சொல்லிவிட்டு டஸ்டரை எடுத்து அவரே போர்டைத் துடைத்தார். "சாப்பிட்டியா?" கேன்டீனில் தயிர்சாதம் சாப்பிட்டு முடிக்கும்வரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஐந்து மாதம் போராடி, கூடுதலாக ஒரு நிபந்தனை சேர்த்து, தேற்றத்தைக் கொஞ்சம் சின்னதாக்கித்தான் காப்பாற்ற முடிந்தது. என் தீசிஸில் அந்த நிபந்தனைக்கு ஒரு கௌரவமான பெயர் உண்டு. எங்களுக்குள் அது 'அபராதம்'.

ஆறு மாதத்துக்கு ஒரு தடவை முன்னேற்ற அறிக்கை கொடுக்க வேண்டும். நான் முணுமுணுத்தால் ஒரு கதை சொல்வார். 1913-ல் சென்னைப் பல்கலைக்கழகம் ராமானுஜனுக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. மூன்று மாதத்துக்கு ஒரு அறிக்கை தர வேண்டும் என்பது நிபந்தனை. 1914 மார்ச்சில் கப்பல் ஏறுவதற்குள் மூன்று அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டார். "அவரே எழுதினார், நீ எழுத மாட்டியா?" என்பார். நானும் எழுதுவேன். உள்ளே என்ன இருக்கும் என்பதில்தான் வித்தியாசம்.

அவர் அடிக்கடி சொல்லும் இன்னொரு பெயர் விஜயராகவன். அழகப்பச் செட்டியார் நன்கொடையில் தொடங்கிய ராமானுஜன் நிறுவனத்தின் முதல் இயக்குநர். பிஸோ-விஜயராகவன் எண்கள் என்று பாடப்புத்தகத்தில் வருவது இவர் பெயர்தான். 1930 வாக்கில் அலிகாரில் இருந்தார். அவரை வேலைக்கு எடுத்த பிரெஞ்சுக் கணிதர் ஆந்த்ரே வெய்லைப் பல்கலைக்கழகம் வெளியேற்றிவிட்டு அந்த இடத்தை இவருக்கே கொடுக்கப் பார்த்தது. இவர் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு டாக்காவுக்குப் போய்விட்டார். தேற்றத்தை எல்லாம் விட்டுவிட்டு இந்தக் கதையை ஏன் இத்தனை தடவை சொல்கிறார் என்று எனக்கு அப்போது புரியவில்லை. துறைத் தலைவர் பதவிக்கு நடக்கும் இழுபறியை நாலு வருஷம் பக்கத்திலிருந்து பார்த்த பிறகு புரிந்தது. (எங்கே, எப்போது என்று யாரும் கேட்க வேண்டாம்.)

ஆராய்ச்சியை வைத்து மட்டும் ஒரு ஆளை எடைபோடக் கூடாது என்பதற்கு ஃபாதர் ரசீனைச் சொல்வார். பாரிஸில் எலீ கார்ட்டானிடம் முனைவர் பட்டம் வாங்கிய பாதிரியார், 1930களின் கடைசியில் இங்கே வந்து லயோலாவில் பாடம் எடுத்தார். மற்ற இடங்களில் பழைய கேம்பிரிட்ஜ் பாணிக் கணக்குகளைப் போட்டுக்கொண்டிருந்த காலம். பிரான்சில் புதிதாக என்ன நடக்கிறது என்று அவர் பையன்களுக்குச் சொன்னார். அவரிடம் படித்த எம்.எஸ். நரசிம்மனும் சி.எஸ். சேஷாத்ரியும் 1953-ல் பம்பாய் டாடா ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தார்கள். 1965-ல் இருவர் பெயரிலும் வந்த தேற்றம் உலகம் முழுக்கப் பேசப்பட்டது. சேஷாத்ரி 1984-ல் சென்னைக்குத் திரும்பி, 1989-ல் உர நிறுவனமான ஸ்பிக் ஆதரவில் தொடங்கியதுதான் இன்று சிறுசேரியில் இருக்கும் சென்னைக் கணிதக் கழகம் (சி.எம்.ஐ.).

மற்றபடி என் சார் வாழ்க்கையில் பாதி, விடைத்தாள் திருத்துவதிலும் கல்லூரிகளுக்குத் தரச் சான்று கொடுக்கும் நாக் (NAAC) கமிட்டிக்கு ஃபைல் சேர்ப்பதிலும் போயிற்று. அதில் சொல்ல ஒன்றுமில்லை. ஓய்வு பெற்ற பிறகும் மயிலாப்பூரிலிருந்து பறக்கும் ரயிலில் வருவார். தாள் கட்டு மட்டும் இப்போது துணிப்பையில்.

*

மேலே எழுதியவரின் டெல்டாவைப் படித்ததும் எனக்கு வேர்த்துவிட்டது. நான் திருநெல்வேலிப் பக்கம் ஒரு கல்லூரியில் பி.எஸ்ஸி. படித்தவள். எம்.டி.டி.எஸ். என்று கோடை விடுமுறையில் நாலு வாரம் கணிதப் பயிற்சி நடத்துவார்கள். எங்கள் மேடம் கட்டாயப்படுத்தி விண்ணப்பம் போடவைத்தார்.

முதல் வகுப்பு. நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்தேன். வந்த பேராசிரியர் எழுத எதுவும் சொல்லவில்லை. தொடர்ச்சி இல்லாத சார்பு ஒன்று சொல்லு என்று என்னைக் கேட்டார். ஒன்றின் கீழ் எக்ஸ் என்றேன் பெருமையாக.

"எந்தப் புள்ளியில் தொடர்ச்சி இல்லை?"

"பூஜ்யத்தில் சார்."

"பூஜ்யத்தில் அதன் மதிப்பு என்ன?"

"மதிப்பு இல்லை சார்."

"சார்பே இல்லாத இடத்தில் தொடர்ச்சி இருக்கா இல்லையான்னு எப்படிக் கேட்பே? நம்ம வீட்டுக் கூரை பக்கத்து ஊரில் ஒழுகுதுன்னு சொல்ற மாதிரி இல்லையா?"

வகுப்பே சிரித்தது. பூஜ்யத்தை விட்டுவிட்டு வரையறுத்த அந்தச் சார்பு, வரையறுத்த எல்லா இடத்திலும் தொடர்ச்சியானதுதான். மூன்று வருஷம் பரீட்சையில் நான் மாற்றி எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன்! ராத்திரி ஹாஸ்டலில் அழுகை வந்தது. ஆனால் மறுநாள் அவர் முதலில் என்னைத்தான் கூப்பிட்டார். போர்டில் வரைந்து காட்டச் சொல்லி, நான் தடுமாறிய இடத்தில் வாயைத் திறக்காமல் காத்திருந்தார். ஐந்து நிமிஷம் இருக்கும். அதுவரைக்கும் எந்த வாத்தியாரும் எனக்காக அவ்வளவு நேரம் சும்மா நின்றதில்லை.

இப்போது நானும் கல்லூரியில்தான் வேலை பார்க்கிறேன். ஒவ்வொரு ஜூனிலும் இதே கேள்வியைக் கேட்கிறேன். ஒவ்வொரு ஜூனிலும் இதே பதில்தான் வருகிறது. ஐந்து நிமிஷம் காத்திருக்க எனக்கு இன்னும் பொறுமை வரவில்லை, ரெண்டு நிமிஷத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

*

எனக்குக் கணக்கு தெரியாது. 1980களில் திருவல்லிக்கேணியில் டைப் அடிக்கும் கடை வைத்திருந்தேன். தீசிஸ் வேலை நிறைய வரும். தமிழ், வரலாறு என்றால் மடமடவென்று ஓடும். கணக்கு என்றால் பக்கத்துக்கு இரண்டு மடங்கு கூலி, ஏனென்றால் பாதி எழுத்து மெஷினில் கிடையாது. அந்த இடத்தில் ஸ்பேஸ் பாரைத் தட்டி இடம் விட்டுவிட வேண்டும். அவர்கள் பிறகு இங்க் பேனாவில் வரைந்துகொள்வார்கள். நானும் பையனும் அவற்றுக்குப் பெயர் வைத்திருந்தோம்: தலைகீழ் ஏ, கண்ணாடி ஈ, நீட்டின எஸ்.

ஒரு பேராசிரியர் தன் மாணவனின் தீசிஸுக்குத் தானே பேனா பிடிப்பார். மாணவனின் கையெழுத்து சரியில்லையாம். கார்பன் வைத்து அடித்த காப்பிகளையும் சேர்த்து ஐந்து. ஒன்றில் வரைந்தால் ஐந்திலும் வரைய வேண்டும்.

ஒருமுறை பைண்டிங் முடிந்து, கவரில் தங்க எழுத்தும் போட்டாகிவிட்டது. மறுநாள் காலை கடை திறக்கும்போது வாசலில் நிற்கிறார். 61-ஆம் பக்கத்தில் ஒரு இடம் காலியாக விட்டுப்போயிற்றாம். கடை ஸ்டூலில் உட்கார்ந்து ஐந்து பிரதியிலும் அந்தச் சின்ன எழுத்தைப் போட்டார், மை காயும்வரை ஊதினார். வேலை முடிந்தது, கிளம்புவார் என்று டீ சொன்னேன். அவர் முதல் பக்கத்தைத் திறந்தார். ஏன் சார் என்றேன். "ஒண்ணு விட்டிருந்தா இன்னொண்ணும் விட்டிருப்பேன்" என்றார்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு மட்டும் எழுந்து போய் வந்தார். சாயங்காலம் ஆறு மணிக்கு, 148-ஆம் பக்கத்தில், இன்னொன்று கிடைத்தது.