ஸ்டென்ட் வைத்த பிறகும் அழுகை வந்தது – உங்களுக்கும் இருந்ததா?

போன ஆடியில் எனக்கு ஹார்ட் அட்டாக். வயது 52. ஆஞ்சியோ செய்து, அடைத்த ரத்தக்குழாயைத் திறந்து வைக்க ஒரு ஸ்டென்ட் (சின்ன வலைக்குழாய்) வைத்து, நாலாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பார்க்க வந்தவர்கள் எல்லாம் "மறுபிறவி எடுத்திருக்கீங்க" என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவே இல்லை.

ராத்திரி படுத்ததும் மணிக்கட்டில் விரல் வைத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நாடியை எண்ணுவேன். ஒரு துடிப்பு தப்பினாலும் உடம்பெல்லாம் வேர்த்துவிடும். பகலில் எதுவும் பிடிக்காது. கேஸ் சிலிண்டரை மனைவி தனியாக உருட்டிக்கொண்டு போனதைப் பார்த்து, பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். "தைரியமா இருங்க" என்று யாராவது சொன்னால் இன்னும் வலிக்கும். தைரியம் இருந்தால் இருக்க மாட்டேனா?

ஒரு ராத்திரி கண்ணை மூடிப் படுத்திருந்தேன். மூக்கடியில் ஏதோ பட்டது. அவளுடைய விரல். மூச்சு வருகிறதா என்று பார்த்திருக்கிறாள். தினமும் பார்க்கிறாளாம்! அன்றைக்கு விடியும்வரை இரண்டு பேரும் பேசினோம்.

அதுவரை செக்கப்பில் எக்கோ, பிரஷர், சுகர் எல்லாம் பார்த்தார்கள். மனசைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நானாகவே சொன்னேன். டாக்டர் அம்மா ஒரு தாளைக் கொடுத்தார். கடைசி 2 வாரம் எப்படி இருந்தது என்று 9 கேள்விகள். "அட்டாக் வந்த அஞ்சு பேர்ல ஒருத்தருக்கு இப்படி ஆகுது, இதுவும் நோய்தான்" என்று மனநல மருத்துவரிடம் அனுப்பினார்.

அவர் மனச்சோர்வுக்கான செர்ட்ராலின் மாத்திரை எழுதினார். இதயத்துக்கு ஆகுமா என்று பயந்தேன். இதய நோயாளிகள் 369 பேரை வைத்துச் செய்து 2002-ல் வெளியான ஆய்வில், இந்த மாத்திரையால் இதயத்துக்குப் பாதிப்பு தெரியவில்லை என்று விளக்கினார். ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையோடு சேர்வதால், ஈறில் ரத்தம் வந்தாலோ மலம் கறுப்பாகப் போனாலோ உடனே சொல்லச் சொன்னார். மூன்று வாரம் ஒரு மாற்றமும் இல்லை. ஐந்தாவது வாரம் ஒரு நாள், "இன்னிக்கு என்ன குழம்பு?" என்று நானாகக் கேட்டேன். அவள் கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

---

அண்ணா, எங்கள் அப்பாவும் இப்படித்தான். பஸ் ஓட்டினவர், கோபக்காரர். அட்டாக்குக்குப் பிறகு பேச்சே நின்றுபோனது. வயசாகிவிட்டது என்று நாங்களும் விட்டுவிட்டோம். தலையணை உறையை மாற்றும்போது உள்ளே 11 மாத்திரை கிடந்தது, எல்லாம் ரத்தம் உறையாமல் இருக்கத் தந்த குளோபிடோகிரெல். கேட்டதற்கு "இனிமே எதுக்கும்மா" என்றார். அதை நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்குள்ளேயே ரத்தம் கட்டிவிடலாம் என்று தெரிந்தபோது எனக்குக் கை நடுங்கிவிட்டது. அன்று ராத்திரியே அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்குப் போன் செய்தேன். இலவசம், தமிழிலேயே பேசினார்கள். காலையில் முதல் வேலையாக இதய டாக்டரிடம் கூட்டிப்போனோம். உங்கள் வீட்டில் மாத்திரை அட்டையைத் தயவுசெய்து எண்ணிப் பாருங்கள்.

---

எனக்கு அட்டாக் வந்து 4 வருஷம். இதை யாரும் பேசுவதில்லை, நான் சொல்கிறேன். மனைவியை நெருங்கவே பயந்து, ஏழு மாதம் ஹாலில் படுத்தேன். தன்னைப் பிடிக்கவில்லை என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். கடைசியில் டாக்டரிடம் கேட்டேவிட்டேன். "ரெண்டு மாடி ஏறினா நெஞ்சு வலிக்குதா, மூச்சு முட்டுதா?" என்றார். இல்லை என்றேன். "அப்போ பயப்பட வேண்டாம், நெஞ்சு வலிக்கான நைட்ரேட் மாத்திரை போடுறதா இருந்தா மட்டும் வீரிய மாத்திரை எதையும் தொடாதீங்க" என்றார். அன்றைக்கே பாயைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போனேன்.