55,000 சம்பளத்தில் நான் திணறுகிறேன், எதிர்வீட்டுக்காரர் எப்படி கார் வாங்குகிறார்?

மேடவாக்கம் வாடகைக்காரன்:
என் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். கைக்கு வருவது 55,000. வாடகை 17,000, பராமரிப்பு 2,000. இரண்டு பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தை மாதக் கணக்கில் பிரித்தால் 12,000. மளிகை, பால், பெட்ரோல், அம்மாவின் சுகர் மாத்திரை எல்லாம் போக, 25ஆம் தேதிக்கு மேல் கிரெடிட் கார்டுதான். சென்னையில் 2020 நவம்பரில் 610 ரூபாய்க்கு வந்த சிலிண்டர் 2025 ஏப்ரலில் 868.50 ஆனது. சம்பளம் அந்த வேகத்தில் ஏறவில்லை. எதிர் ஃபிளாட்காரருக்கும் ஏறக்குறைய என் சம்பளம்தான், அவர் மனைவியும் வேலைக்குப் போகவில்லை. போன வருஷம் கார், இந்த வருஷம் அந்தமான். எப்படிங்க?

கணக்குப்பிள்ளை:
கடன்தான், வேறென்ன? 2022-23இல் நம் நாட்டுக் குடும்பங்களின் நிகர நிதிச் சேமிப்பு நாட்டு உற்பத்தியில் 5.1 சதவீதத்துக்கு இறங்கிவிட்டதாக ரிசர்வ் வங்கியின் கணக்கே சொன்னது. அடுத்த வருஷமே, தனிநபர் கடனும் கார்டு கடனும் போகிற போக்கைப் பார்த்து வங்கிகளுக்குக் கடிவாளம் போட்டார்கள். நீங்கள் அந்தமான் போட்டோவை மட்டும் பார்க்கிறீர்கள். தவணை மெசேஜ் அவர் போனுக்குத்தான் வரும். வருமானத்துக்குள் வாழத் தெரிந்தவனுக்கு இந்தக் கேள்வியே வராது.

தையல் அக்கா:
அந்த 5.1க்கு நிதி அமைச்சகம் என்ன பதில் சொன்னது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள் சார். ஜனங்கள் வீடும் வண்டியும் வாங்கக் கடன் எடுத்திருக்கிறார்கள், இது நெருக்கடி இல்லை என்றது. அதை நான் முழுசாக நம்பவில்லை, ஆனால் எல்லாரும் ஊதாரி என்பதும் கிடையாது.

அப்புறம், “வருமானத்துக்குள் வாழ்” என்பது சொல்ல சுலபம். நான் வியாசர்பாடியில் வீட்டிலேயே தைக்கிறேன். ரேஷனில் அரிசி இலவசம், துவரம் பருப்பு கிலோ 30, பாமாயில் 25. டவுன் பஸ்ஸில் எனக்கு டிக்கெட் இல்லை. 2023 செப்டம்பரில் ஆரம்பித்த உரிமைத்தொகை 1,000 வருகிறது. சின்னவன் காலைச் சாப்பாட்டைப் பள்ளியிலேயே முடித்துவிடுகிறான். இவ்வளவும் சேர்ந்தால்தான் மாதம் ஓடுகிறது. இதில் எதைக் குறைக்கச் சொல்கிறீர்கள்?

கணக்குப்பிள்ளை:
உங்களைச் சொல்லவில்லை அக்கா. கேள்வி அந்தமானைப் பற்றி.

நகைக்கடன் கவுண்டர்:
இரண்டு பேரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். பல வருஷமாக நகைக்கடன் பிரிவில் உட்கார்ந்திருக்கிறேன், எந்த வங்கி என்று கேட்காதீர்கள்.

2025 ஜனவரியில் பவுன் 60,000ஐத் தாண்டியது. அதே வருஷம் டிசம்பரில் ஒரு லட்சத்தைத் தாண்டியது. ஜனவரியில் 10 பவுன் கொண்டுவந்தவருக்கு, மதிப்பில் 75 சதவீதம் என்றால், 4.5 லட்சம் கிடைத்திருக்கும். டிசம்பரில் அதே 10 பவுனுக்கு 7.5 லட்சம். (கல், மெழுகு கழித்து, வங்கி வைக்கும் கிராம் விலையும் கொஞ்சம் குறைவாக இருக்கும், அது தனிக் கதை.) வட்டியை மட்டும் கட்டி, திருப்பி, அன்றைக்கே மறு அடகு வைத்தால் 3 லட்சம் கையில் நிற்கும். நகை லாக்கரை விட்டு நகரவே இல்லை, பள்ளிக் கட்டணமும் கட்டியாயிற்று, காருக்கு முன்பணமும் ஆயிற்று. இவர்கள் யாரும் தங்களைக் கடனாளி என்று நினைப்பதே இல்லை. “நகை இருக்கிறதே” என்பார்கள். 2026 ஏப்ரலிலிருந்து 2.5 லட்சம் வரையிலான கடனுக்கு 85 சதவீதம் வரை தரலாம் என்றும் விதி வந்திருக்கிறது.

இன்னொன்று, எதிர் ஃபிளாட் அவருடைய சொந்த வீடா? மாமனார் வாங்கிக் கொடுத்ததாக இருந்தால் உங்கள் 17,000 அவருக்கு மிச்சம். வருஷத்துக்கு 2,04,000. அந்தமான் அதிலேயே போய்விட்டு வரலாம். ஒரே சம்பளம் என்று நீங்கள் ஒப்பிடுவதே சரியில்லை.

கணக்குப்பிள்ளை:
ஆக, கடன் என்று நான் சொன்னதைத்தானே நீட்டி முழக்கியிருக்கிறீர்கள்! 2013இல் தங்கம் சரிந்தபோது எத்தனை நகை ஏலத்துக்குப் போனது என்று உங்களுக்குத் தெரியாதா? விலை ஏறும்வரை எல்லாரும் புத்திசாலிதான்.

நகைக்கடன் கவுண்டர்:
தெரியும். விலை விழுந்தால் மறு அடகில் பணம் மிஞ்சாது, கையிலிருந்து போட்டுத்தான் திருப்ப வேண்டும். பாதிப் பேருக்கு அந்தப் பணம் இருக்காது. ஆனால் எல்லாவற்றையும் ஒரே கடன் என்கிறீர்களே, அங்கேதான் ஒத்துவரவில்லை. கார்டு பாக்கியைத் தள்ளிப்போட்டால் மாதம் 3 சதவீதத்துக்கு மேல் வட்டி. நகைக்கடனுக்கு வங்கியில் வருஷத்துக்கே சுமார் 9, 10தான். மேடவாக்கம் சார் இப்போது கட்டுவது இந்த ஊரிலேயே விலை உயர்ந்த வட்டிகளில் ஒன்று.

தையல் அக்கா:
அது சரி, அந்த 10 பவுன் யாருடையது? கார் ஆர்.சி. புக்கில் ஒரு பெயர், அடகு வைத்த தாலிச் செயின் இன்னொருவர் கழுத்திலிருந்து வந்தது. அம்மா வீட்டில் போட்டது. ஏலத்துக்குப் போனால் அவருக்கு யார் பதில் சொல்வது? எங்கள் தெருவில் அதுவும் இல்லாமல் ஏலச்சீட்டிலும் சுய உதவிக் குழுக் கடனிலும்தான் ஓட்டுகிறோம். தவணை தவறினால் குழுவில் இருக்கும் அத்தனை பேரும் வாசலில் நிற்பார்கள்.

மேடவாக்கம் வாடகைக்காரன்:
எதிர் ஃபிளாட் சொந்த வீடுதான், இப்போதுதான் செக்யூரிட்டியிடம் கேட்டேன். என் வீட்டில் 8 பவுன் இருக்கிறது. கார் வேண்டாம், கார்டு பாக்கி 1,40,000ஐ மட்டும் இதில் அடைத்துவிட்டால் என்ன?

கணக்குப்பிள்ளை:
அடைத்த அன்றே கார்டை வெட்டிப் போடுவீர்களா? இல்லையென்றால் ஆறு மாதத்தில் கார்டு பாக்கியும் இருக்கும், நகைக்கடனும் இருக்கும்.

தையல் அக்கா:
முதலில் வீட்டில் கேளுங்கள் தம்பி. அவர் சரி என்றால் ரசீது அவர் பெயரிலேயே இருக்கட்டும்.