ஒரே பிளாட், ஒரே நாள், சருகு ஈரப்பதம் மட்டும் 8-லிருந்து 23 வரை. எங்கே தப்பு?

செங்கொன்றை:
வணக்கம். முதுமலைப் பக்கம் தீ சீசனுக்கு மட்டும் நாலு மாச வேலையில் சேர்ந்திருக்கேன், பிப்ரவரியிலிருந்து மே வரை. படிச்சது தாவரவியல், ஆனா காட்டுக்குள்ள வேலை இதுதான் முதல் தடவை. பிளாட்டில், அதாவது காட்டில் சாம்பிள் எடுக்கக் குறிச்சு வெச்ச நிலத்துண்டில், ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சட்டத்தைப் போட்டு, உள்ளே கிடக்கிற சருகு, காய்ந்த புல், சுள்ளி எல்லாத்தையும் வாரி எடை போடணும். அதில் ஒரு பங்கை அடுப்பில் உலர்த்தி ஈரப்பதம் பார்க்கணும்.

போன வாரம் ஒரே பிளாட்டில் எடுத்த நாலு சாம்பிள் 23, 11, 19, 8 சதவீதம்னு வருது. தாளைப் பார்த்துட்டு மேலே இருக்கிறவர் "அடுப்பை ஆன் பண்ணியாம்மா?"ன்னு கேட்டார். 80 டிகிரியில் 48 மணி நேரம் வெச்சேன், சத்தியமா.

இதில் வெட்கம் என்னன்னா, கூட வர்ற வேட்டைத் தடுப்புக் காவலர் அண்ணன் ஒரு தேக்கிலையை உள்ளங்கையில் வெச்சு நொறுக்கிட்டு "இப்ப தீ பிடிக்காது, மத்தியானம் பிடிக்கும்"னு சொல்றார். என் தராசைவிட அவர் கை தெளிவா இருக்கு.

பழைய டேப்பு:
அடுப்பை விடுங்க. நாலையும் எத்தனை மணிக்கு எடுத்தீங்க?

செங்கொன்றை:
23 வந்தது காலை 8.15. 11 வந்தது 11.30. 19 வந்தது 12.15. கடைசி 8, மத்தியானம் 1.40. பிளாட் ஓரத்தில் உண்ணிச்செடிப் புதர், 12.15 சாம்பிள் அதுக்கடியில் எடுத்தது.

பழைய டேப்பு:
அப்ப தப்பே இல்லையே தங்கச்சி! நாலு நம்பரும் உண்மைதான், ஒரே வரிசையில் எழுதினதுதான் சிக்கல். சருகும் ஆறு மில்லிமீட்டருக்குக் குறைவான சுள்ளியும் காற்றோட ஈரத்துக்கு ஏத்த மாதிரி ஒரு மணி நேரத்திலேயே மாறிடும். பிப்ரவரியில் காலை எட்டு மணிக்குப் பனி சொட்டும், 23 வராம என்ன வரும்? விரல் தடிமன் குச்சிக்கு அரை நாள் ஆகும். விழுந்த கட்டை இன்னும் மெதுவு. அதனால எல்லாத்தையும் ஒரே கவரில் போடாதீங்க.

அந்த 19-க்கு எனக்கு ரெண்டு சந்தேகம். புதருக்கடியில் வெயில் படாது, அது ஒண்ணு. இன்னொண்ணு, மண் வரைக்கும் தோண்டி வாரியிருப்பீங்க. மேல்சருகு முறுக்கு மாதிரி இருக்கும், அடிச்சருகு ஈரத்துணி. தீ ஓடுறது மேலேதான். ரெண்டையும் தனித்தனியா எடுங்க, பாதி தலைவலி போயிடும்.

கணக்கையும் ஒரு தடவை பாருங்க. போன ஈரத்தை உலர் எடையால வகுக்கணும், ஈர எடையால இல்லை. 50 கிராம் 40 ஆனா 25 சதவீதம். 20-னு எழுதுற ஆளுங்களைப் பார்த்திருக்கேன்.

என் முதல் சீசன் கதையைக் கேளுங்க. தராசைத் தூக்க சோம்பல்பட்டு, பிளாஸ்டிக் கவரில் கட்டி ஜீப் மேல போட்டுட்டேன். சாயங்காலம் பார்த்தா கவர் உள்பக்கமெல்லாம் வேர்த்திருக்கு. இலையை மட்டும் எடுத்து எடை போட்டேன், ஈரம் கவரோட போச்சு. ஒரு வாரம் எடுத்த சாம்பிள் மொத்தமும் குப்பை. அதிலிருந்து எடுத்த இடத்திலேயே எடை, அப்புறம்தான் காகிதக் கவர்.

காவலர் அண்ணன் சொல்றதுக்கு நோட்டில் தனியா ஒரு கட்டம் போடுங்க. முக்கியம்: அவர் சொன்னதை எழுதின பிறகுதான் தராசு.

மாயாறு:
எங்கப்பா தீக்காவலரா இருந்தவர், அவர்கூட ஜனவரியில் தீத்தடுப்புக் கோடு வெட்டப் போயிருக்கேன். நம்பர் பத்தி எனக்குத் தெரியாது, உடம்பைப் பத்திச் சொல்றேன். பருத்தித் துணி போடுங்க. டிராக் பேன்ட் வேண்டாம், நெருப்புப் பட்டா உருகித் தோலோட ஒட்டிக்கும். தீ மேட்டைப் பார்த்துத்தான் வேகமா ஓடும். புகை கீழே தெரிஞ்சா மேலே ஏறாதீங்க. 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறப் போனவங்க காட்டுத்தீயில் சிக்கிச் செத்தது தெரியும்தானே. ஏற்கெனவே எரிஞ்சு கருகின தரை கிட்ட இருந்தா அதில் போய் நில்லுங்க.

உண்ணிச்செடிக்குப் பின்னால யானை நின்னா பத்தடியிலும் தெரியாது. அண்ணன் நில்லுன்னா நில்லுங்க, ஏன்னு அப்புறம் கேட்டுக்கலாம். சாயங்காலம் குளிக்கும்போது உண்ணிக்கடி இருக்கான்னும் பாருங்க.

சதுரப்புள்ளி:
கணினி முன்னாடி உட்கார்ந்து செயற்கைக்கோள் தீப்புள்ளி பார்க்கிறவன் நான். விர்ஸ், மோடிஸ் ரெண்டும் செயற்கைக்கோளில் இருந்து தீயோட சூட்டைப் பார்க்கிற கருவிங்க. விர்ஸ் புள்ளி ஒவ்வொண்ணும் 375 மீட்டர் சதுரம், மோடிஸ்னா ஒரு கிலோமீட்டர். புள்ளி விழுந்த இடத்திலேயே தீன்னு நினைச்சு நேரா நடக்காதீங்க, சதுரத்துக்குள்ள எங்கேயும் இருக்கலாம். விர்ஸ் தலைக்கு மேல போறது மத்தியானமும் நள்ளிரவும் ஒன்றரை மணி வாக்கில். நடுவில் பிடிச்சு அணைஞ்ச சின்னச் சருகுத் தீ எங்க கண்ணுக்கே வராது. அதனால எரிஞ்ச தரையைப் பார்த்தா ஜிபிஎஸ்ஸில் சுத்திவந்து எல்லை எடுத்து அனுப்புங்க, எங்களுக்கு அது தங்கம்.

செங்கொன்றை:
எல்லோருக்கும் நன்றி. இன்னைக்கு மேல், அடி ரெண்டையும் பிரிச்சு எடுத்தேன், அங்கேயே எடை. மத்தியானம் ஒரு மணிக்கு அண்ணன் இலையை நொறுக்கி, ஊதிவிட்டு, "மேல பிடிக்கும், அடி புகையும்"னார். அப்படியே நோட்டில் எழுதிட்டேன். சாம்பிள் அடுப்பில் இருக்கு. நாளைன்னைக்கு நம்பரோட வர்றேன்.

பழைய டேப்பு பெரியவரே, நீங்க சொன்னது சரி. 12.15-க்கு மண்புழு வர்ற வரைக்கும் வாரியிருக்கேன்.