டகுகாமா சிம்பன்சிகள்: புதுப்பிப்பு

மேற்கு ஆப்பிரிக்க நாடான சியரா லியோனில், தாயை இழந்த சிம்பன்சிக் குட்டிகளை மீட்டு வளர்க்கும் டகுகாமா சரணாலயம் பற்றிப் போன மாதம் எழுதியிருந்தேன். இலங்கையில் பிறந்த பாலா அமரசேகரன் 1995இல் தொடங்கியது. "மீட்ட குட்டிகளை ஏன் உடனே காட்டில் விடுவதில்லை?" என்று பலர் கேட்டிருந்தீர்கள்.

சிம்பன்சிக் குட்டி நாலைந்து வயது வரை தாய்ப்பால் குடிக்கும். எதைத் தின்னலாம், இரவில் கிளைகளை வளைத்து எப்படிப் படுக்கை கட்டலாம், எல்லாமே தாயைப் பார்த்துத்தான் படியும். குட்டியைப் பிடிப்பவர்கள் பெரும்பாலும் அந்தத் தாயைத்தான் முதலில் கொல்கிறார்கள். அதனால் மீட்டு வந்ததும் தனியறை, காசநோய்ச் சோதனை, அப்புறம் பராமரிப்பாளரே தாய். ஒரு காணொளியில் பார்த்தேன்: புட்டிப்பால் தீர்ந்த பிறகும் குட்டி தன்னைப் பராமரிக்கும் அக்காவின் சட்டையை விடவில்லை. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார்; அது உடனே மறுகையால் பற்றிக்கொண்டது. சரி, வளர்ந்ததும் விடலாமே என்றால், காட்டில் ஏற்கெனவே இருக்கும் கூட்டம் புதியவர்களைக் கொன்றேவிடலாம்.

இன்னொன்று. சுற்றிலும் காடு அழிக்கப்படுவதை எதிர்த்து, 2025 மே மாதம் சரணாலயம் பார்வையாளர்களுக்குக் கதவை மூடியது. 2019இல் சிம்பன்சியைத் தேசிய விலங்காக அறிவித்த நாடு அது! மனசு ஆறவில்லை. அங்கே போக நினைத்தவர்கள், டிக்கெட் எடுக்கும் முன் சரணாலயத்திடமே கேட்டுக்கொள்ளுங்கள்.