பட்ச் அன்டெனா 2.45இல் நிற்காமல் 2.36க்கு இறங்குகிறது, எங்கே பிழை?

கல்லடி_மாணவன்:
இறுதியாண்டுச் செயற்திட்டம். வாவியின் அக்கரையில் உள்ள இறால் குளத்து உணரியிலிருந்து இக்கரைக்குத் தரவு எடுக்க, 2.45 கிகாஹேர்ட்ஸ் பட்ச் அன்டெனா (பலகையில் தட்டையான செப்புத் துண்டாக அமையும் அன்டெனா) ஒன்று செய்தேன். 1.6 மில்லிமீற்றர் தடிப்பான எஃப்ஆர்4 சுற்றுப் பலகை. அனுமதித்திறன் (பலகைப் பொருள் அலையை எவ்வளவு மெதுவாக்கும் என்பதைக் காட்டும் எண்) 4.4 என்று எடுத்துக் கணக்கிட்டேன், பட்ச்சின் நீளம் 28.8, அகலம் 37.3 மில்லிமீற்றர். கணினியில் சரியாக வந்தது. செய்து அளந்தால் 2.36இல் நிற்கிறது. அங்கே எஸ்11 (அன்டெனாவிலிருந்து திரும்பி வரும் சக்தியின் அளவு) மைனஸ் 17 டெசிபெல், 2.45இல் வெறும் மைனஸ் 3. செப்பை அரிக்கும் பெரிக் குளோரைட் கரைசலில் கூடுதல் நேரம் விட்டுவிட்டேன், செப்பு அரிபட்டதாலா? இன்னும் இரண்டு கிழமைதான் இருக்கிறது.

கல்லாறு_ரேடியோ:
ஓப்பன், ஷோர்ட், லோட் என்ற மூன்று அளவுதிருத்த முனைகளையும் கேபிளின் நுனியில் பூட்டித்தானே அளக்கும் கருவிக்கு அளவுதிருத்தம் செய்தீர்கள்?

கல்லடி_மாணவன்:
ஓம் அண்ணா, நுனியில்தான். இரண்டு முறை செய்து பார்த்தேன்.

ஆரையம்பதி_அலை:
தம்பி, பதில் உங்கள் எண்களிலேயே இருக்கிறது. மைனஸ் 17 என்றால் அனுப்பிய சக்தியில் நூற்றில் 2 பங்குதான் திரும்பி வருகிறது. பட்ச்சுக்குச் சக்தி ஊட்டும் இடம் நன்றாகப் பொருந்தியிருக்கிறது. செப்பு அரிபட்டிருந்தால் பட்ச் சிறுத்து அதிர்வெண் ஏறியிருக்கும், உங்களுக்கோ இறங்கியிருக்கிறது. பலகைக்குள் அலை நீங்கள் நினைத்ததைவிட மெதுவாகப் போகிறது. 2.36இலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டேன், அனுமதித்திறன் ஏறத்தாழ 4.75 வருகிறது.

நான் நுண்ணலை வடிகட்டிகளில் ஆராய்ச்சி செய்கிறேன். என் முதல் வடிகட்டியும் இப்படித்தான் கீழே இறங்கியது. நான்கு மாதம் என் சமன்பாடுகளிலேயே பிழை தேடினேன், பலகையைச் சந்தேகிக்கவே இல்லை. எஃப்ஆர்4 என்பது கண்ணாடி இழைத் துணியும் எபொக்சிப் பிசினும் சேர்ந்தது. இரண்டும் எந்த விகிதத்தில் சேர்ந்தன என்பதைப் பொறுத்து அனுமதித்திறன் மாறும். 4.4 என்பது பொதுவாகச் சொல்லும் எண், உங்கள் கையிலுள்ள பலகையின் எண் அல்ல. அதனால் இப்போது புதிய பலகை வந்தால் முதலில் ஒரு சோதனைத் துண்டு வெட்டுவேன்: 3 மில்லிமீற்றர் அகலத்தில் 50 ஓம் பாதை, அதன் நடுவில் 17 மில்லிமீற்றர் நீளமான, முனை திறந்த கிளை. கிளை கால் அலைநீளமாகும் அதிர்வெண்ணில் எஸ்21 (பாதையைக் கடந்து மறுமுனைக்குப் போகும் சக்தியின் அளவு) பள்ளமாக விழும். அது எங்கே விழுகிறதோ அதிலிருந்து உண்மையான அனுமதித்திறனை எடுக்கலாம். அரை நாள் வேலைதான். உங்களிடம் நேரம் குறைவு என்றாலும் இதைச் செய்யுங்கள், அறிக்கையில் அந்த ஒரு வரைபு பெரிய பலம்.

அன்டெனாவை வீசிவிடாதீர்கள். ஊட்டுக்கு எதிர்ப்பக்க விளிம்பில் அரை மில்லிமீற்றர் அரத்தால் தேய்த்து அளந்து பாருங்கள். மொத்தம் ஒரு மில்லிமீற்றர் அளவில் போதும். ஒரேயடியாகத் தேய்க்க வேண்டாம், போன செப்பு திரும்பாது.

கல்லாறு_ரேடியோ:
உப்புக்காற்றுக்குப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைப்பீர்கள் அல்லவா? மூடி பட்ச்சுக்குக் கிட்ட இருந்தால் அதுவும் அதிர்வெண்ணை இறக்கும். பெட்டிக்குள் வைத்தே கடைசி அளவை எடுங்கள்.

கல்லடி_மாணவன்:
அரை மில்லிமீற்றர் தேய்த்ததும் 2.40, ஒன்று ஆனதும் 2.44! பெட்டியை மூடினால் 2.42, அதனால் இன்னும் கொஞ்சம் தேய்க்கப் போகிறேன். மிச்சப் பலகையில் சோதனைத் துண்டுக்கு இடம் இருக்கிறது, நாளைக்கே செய்கிறேன். மிக்க நன்றி அண்ணாமார்.